எங்கள் தமிழைத் திருத்தித் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மார்ச் 31-உடன் சங்கத்தின் ஆண்டுக் கணக்கு முடிந்தது. வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் பொதுக்குழுவில் வாசிக்கப்படும். இந்த மடல் அதற்கல்ல. உளவியலாளர் சங்கத்தின் பெயரில் இந்த ஆண்டு உருப்படியாக நடந்த வேலைகளில் பலவற்றை உளவியலாளர் அல்லாதவர்கள்தான் செய்து கொடுத்தார்கள். ஆண்டறிக்கையில் அவர்கள் "ஒத்துழைத்த அனைவரும்" என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். அது நியாயமில்லை.

முதல் நன்றி கிராம சுகாதார செவிலியர்களுக்கு, ஊர்வழக்கில் நர்சம்மாக்களுக்கு. மனச்சோர்வைக் கண்டறிய உதவும் பிஎச்க்யூ-9 படிவத்தைப் படிக்கத் தெரியாதவர்களிடம் எப்படி வாய்விட்டுக் கேட்பது என்பதற்கு ஒரு கையேடு தயாரித்தோம். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. காகிதத்தில் எளிமையாகத்தான் தெரியும். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கினார்கள், இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கினோம், மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். எல்லாம் முறைப்படி. ஆனால் திரும்ப மொழிபெயர்ப்பவர் நன்றாகப் படித்தவர். நம் மேடைத் தமிழ் அவருக்குப் புரிந்துவிடும். பிழை அங்கே பிடிபடாது, திண்ணையில்தான் பிடிபடும்.

முதல் கேள்வியில் "செயல்களில் ஆர்வம் குறைவாக இருந்ததா" என்று எழுதியிருந்தோம். "வேலை எல்லாம் செஞ்சுக்கிட்டுதானே இருக்கேன்" என்று பதில் வந்தது. மதிப்பெண் பூஜ்யம். நர்சம்மாக்கள் சொன்ன மாற்று: "முன்ன பிடிச்சது எதுலயும் இப்ப மனசு ஒட்டலையா?" ஆறாவது கேள்வியில் "குடும்பத்தைக் கைவிட்டதாக" என்று எழுதியதை, வீட்டை விட்டுப் போனதைக் கேட்கிறோம் என்று எடுத்துக்கொண்டு சிலர் கோபப்பட்டார்கள். "நம்மால குடும்பத்துக்குத் தலைகுனிவுன்னு தோணுதா" என்று ஆனது. கவனம் பற்றிய ஏழாவது கேள்வியில் இருந்த செய்தித்தாள் போய், "சீரியல் பாத்தா கதை மனசுல நிக்கலையா" வந்தது. விடைகளில் "பாதிக்கு மேற்பட்ட நாட்கள்" என்பது யாருக்கும் புரியவில்லை. அரை நாளா, அரை மாதமா என்று குழம்பினார்கள். படிவம் கேட்பதோ கடந்த இரண்டு வாரத்தை. அதில் பாதிக்கு மேல் என்றால் "ஒரு வாரத்துக்கு மேல", அவ்வளவுதான். இத்தனை படித்தவர்கள் கூடி உட்கார்ந்தும் எங்களுக்கு இது தோன்றவில்லை. நாள் கணக்குக்கும் அவர்களே வழி சொன்னார்கள்: "போன வெள்ளிக்கு முந்தின வெள்ளியிலேர்ந்து" என்று தொடங்கினால் எவரும் சரியாக எண்ணுகிறார்கள்.

ஒன்பதாவது கேள்விதான் கனமானது. "செத்துப் போனா தேவலை" என்பது நம் ஊரில் அலுப்பிலும் வரும் பேச்சு. அதற்காகப் பேச்சுதானே என்று விட்டுவிடவும் கூடாது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இந்தக் கேள்விக்குப் பூஜ்யம் தவிர எந்த விடை வந்தாலும் படிவத்தை மூடிவைத்துவிட்டுப் பேச வேண்டும். இன்றைக்கும் அப்படித் தோன்றுகிறதா, எப்படி என்று யோசித்தாரா, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, கூட யார் இருக்கிறார்கள். ஆபத்து என்று பட்டால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுசேர்க்க வேண்டும். பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றச் சொல்வதும், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416-ஐ அவர் கைபேசியில் பதிந்து கொடுப்பதும் இப்போது கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கின்றன.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். தூக்கம், சோர்வு, பசி ஆகிய மூன்று கேள்விகளும் ரத்தசோகையிலும் தைராய்டு குறைவிலும் மதிப்பெண்ணை ஏற்றிவிடும். மொத்தம் 10 வந்தவுடன் மனச்சோர்வு என்று எழுதாதீர்கள், முதலில் ஹீமோகுளோபினும் தைராய்டுக்கான டிஎஸ்எச்சும் பாருங்கள் என்று அவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். சரிதான். இது சலித்தெடுக்கும் படிவம். நோயை முடிவுசெய்யும் வேலை அதற்கில்லை.

அச்சகத்தாருக்கு ஒரு தனி வணக்கம். முதல் அச்சில் "ஏறக்குறைய தினமும்" என்ற வலதுகோடிக் கட்டம் தாளின் விளிம்பை ஒட்டி நின்றது. ஜெராக்ஸ் எடுத்தபோது அது பாதி வெட்டுப்பட்டு, 3 போட வேண்டிய இடத்தில் பலர் 2 போட்டார்கள். தவறு எங்கள் வடிவமைப்பில். போர்மேன் நான்கு பக்கமும் 15 மில்லிமீட்டர் ஓரம் விட்டு, மொத்தம் போடும் கட்டத்தைக் கேள்விகளுக்கு நேர் கீழே இறக்கிக் கொடுத்தார். மறு அச்சுக்குக் காகித விலை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பள்ளி ஆசிரியர்களுக்கான அரைநாள் பயிற்சியில் நாங்கள் கற்றது அதிகம். "கவுன்சிலிங் போ" என்றால் பிளஸ் டூ பிள்ளைக்கு இன்ஜினியரிங் சீட்டு ஞாபகம் வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கோ திட்டு வாங்கப் போவது போல இருக்கிறது. "அந்த மேடத்துகிட்ட கொஞ்ச நேரம் பேசிட்டு வா" போதும் என்றார் ஓர் ஆசிரியை. இன்னொரு பிழை சட்டம் சார்ந்தது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு எங்கள் துண்டறிக்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 309-க்கு இணையான பொதுப் பிரிவே கிடையாது. அரசு ஊழியரைப் பணியவைப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வது பற்றிய 226 மட்டும் உண்டு. சுட்டிக்காட்டிய வழக்கறிஞருக்கு நன்றி. "கேஸ் ஆகிடும்" என்ற பயத்தில் விஷயத்தை மூடி மறைக்கும் பள்ளிகளுக்கு இந்த ஒரு பத்தியைத்தான் முதலில் படித்துக் காட்டுகிறோம். அதே சமயம், பாலியல் கொடுமை பற்றி ஒரு குழந்தை சொன்னால் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. போக்சோ சட்டப்படி தெரிவித்தாக வேண்டும்.

இனி வரும் ஆண்டு. சக ஆய்வுக் குழுக்கள் தொடரும்: ஐந்து பேர், மாதம் இருமுறை, ஒன்றரை மணி நேரம். நம்மிடம் வந்தவர்களைப் பற்றி அங்கே பேசும்போது பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். சின்ன ஊரில் "டெப்போ கண்டக்டரோட இரண்டாவது பெண்" என்றாலே ஆள் தெரிந்துவிடும். ஊர், தொழில், உறவுமுறை மூன்றையும் மாற்றிவிட்டுத்தான் பேச வேண்டும்.

பதிவு விஷயத்தில் இளம் உறுப்பினர்கள் இப்போதே விழித்துக்கொள்ள வேண்டும். மருத்துவ உளவியலாளர்களுக்கு 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு இருக்கிறது. மற்ற உளவியலாளர்களை 2021-இன் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பதிவு கேட்கும் நாளில் பயிற்சி மணிநேரச் சான்றைத் தேடி ஓடினால் கையெழுத்திட வேண்டியவர் ஓய்வுபெற்றிருப்பார், அல்லது வெளிநாட்டில் இருப்பார். மாதம் முடிந்ததும் தேதி, மணிநேரம், மேற்பார்வையாளரின் கையெழுத்து, அவருடைய பதிவு எண் நான்கையும் ஒரே தாளில் வாங்கி வையுங்கள். மாதிரித் தாள் சங்க அலுவலகத்தில் கிடைக்கும்.

உளவியல் சோதனைக் கருவிகளுக்கான நூலகம் தொடங்கவும் எண்ணம். மூன்றாம் தலைமுறை ஜெராக்ஸில் படம் மங்கிப் போன அட்டையைக் காட்டிக் குழந்தையின் அறிவுத்திறனை அளப்பது இனி வேண்டாம். மூலப் பிரதிகளை வாங்கி முறை வைத்து இரவல் கொடுப்போம். விடைத்தாளுக்கு மட்டும் கட்டணம்.

"மன அழுத்தம்" என்ற ஒரே சொல்லை ஸ்ட்ரெஸுக்கும் டிப்ரஷனுக்கும் மாற்றி மாற்றிப் போடும் வழக்கத்துக்கும் ஒரு முடிவு கட்ட வேண்டும். இரண்டாவதற்கு மனச்சோர்வு என்பதே எங்கள் வெளியீடுகளில் இனி நிற்கும். கையேட்டின் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புப் பிரதி மீண்டும் நர்சம்மாக்களிடம்தான் வருகிறது. சிவப்புப் பேனாவோடு காத்திருங்கள்.

நன்றியுடன்,
நிர்வாகக் குழு