ஆடிப் பதினெட்டும் அம்மா மண்டபமும்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

ஆடிப்பெருக்கு பத்தி நம்ம பேப்பர்ல போட்டோவெல்லாம் சூப்பரா வந்திருந்துச்சு, ஆனா ஒரு விஷயம் சொல்லணும்னு தோணுச்சு. எங்க வீட்ல வருஷா வருஷம் திருச்சி அம்மா மண்டபம் காவிரிப் படித்துறைக்குத்தான் போவோம், சித்தி பெரியம்மா வீட்டுப் பிள்ளைங்கன்னு ஒரு வேன் நெறைய கிளம்பி, புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம்னு தூக்கு தூக்கா கட்டிக்கிட்டு, விடியறதுக்குள்ள எடம் புடிச்சாத்தான் உக்காரவே முடியும். காதோலை கருகமணி, மஞ்சள், பழம் எல்லாம் வாழை இலையில வச்சு கும்பிட்டுட்டு, பெரியவங்க கையால மஞ்சக் கயிறு கட்டிக்கறது, புதுசா கல்யாணம் ஆனதுங்க தாலி பிரிச்சுக் கோக்கறதுன்னு ஒரே கலகலப்பு. மத்த நாள் போன்ல கூட பேசாத சொந்தமெல்லாம் அன்னிக்கு ஒரே இலையில கை வைக்கும்!

ஜூன் 12 மேட்டூர் அணையைத் திறந்து காவிரியில தண்ணி விட்டாங்களான்னு விவசாயிங்களுக்கு அடுத்தபடியா கவலைப்படறது நாங்கதான். தண்ணி வராத வருஷம் படித்துறையில ஷவர் போட்டு அதுல குளிச்சதும் உண்டு, அதையும் திருவிழான்னுதான் சொல்லிக்கிட்டோம்.

இப்போ பிரச்சனை என்னன்னா பிளாஸ்டிக் கவரோட பூவையும் பழத்தையும் அப்படியே ஆத்துல வீசறாங்க, பழைய துணியும் சேர்த்து. படியில கால் வைக்க எடமில்ல, போன வருஷம் எங்க அத்தை வழுக்கி விழுந்து முட்டி வீங்கிப் போச்சு. பொம்பளைங்க ஈரத்துணி மாத்த இன்னும் நாலு தடுப்பு, கவர் போட பெரிய தொட்டி, இத மட்டும் முன்னாடியே வச்சா போதும் சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி