ஜோடி காம்போவில் தவறாக வந்த சைக்கிளை மாற்றித் தராதது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். இது நான் அனுப்பும் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது.

வேளச்சேரியிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்குக் காலையில் நானும் மனைவியும் ஓட்டிப் போய்வர இரண்டு சைக்கிள் தேவைப்பட்டது. மேடு பள்ளம் இல்லாத ஊர், கியர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். கையில் இருந்தது 30,000 ரூபாய். உங்கள் ஜோடி காம்போ 28,490. கேரியர், பூட்டு, விளக்கு, இரண்டு ஹெல்மெட் எல்லாம் சேர்த்து என்றதால் வாங்கினோம். எனக்கு 18 அங்குல ஃபிரேம்; ஐந்தடி உயரமுள்ள மனைவிக்குக் குறுக்குக் கம்பி இல்லாத 15 அங்குலம். ஆர்டரிலேயே தெளிவாக இருக்கிறது.

வந்தது இரண்டுமே 18, இரண்டிலும் குறுக்குக் கம்பி. "சீட்டை இறக்கிக்கோங்க" என்கிறார்கள். சீட்டை இறக்கினால் கம்பியும் இறங்குமா? நின்றால் கம்பி இடிக்கிறது, சிக்னலில் அவரால் காலை ஊன்ற முடியவில்லை. சைக்கிள் செய்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

உங்கள் கால் சென்டரில் ஒருவர் சொன்னது இது: "மேடத்துக்கு பேலன்ஸ் வரலைன்னா அது சைக்கிள் கோளாறு இல்ல சார்." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், மனைவி பக்கத்தில்தான் இருந்தார். பள்ளிக்கூடத்துக்கு தினமும் சைக்கிளில் போய்வந்தவர் அவர். அன்றிலிருந்து அந்த சைக்கிளைத் தொடவே இல்லை. பணத்தை விட இதுதான் எனக்குப் பெரிய நஷ்டம். லட்ச ரூபாய் போயிருந்தாலும் மனசு இவ்வளவு நொந்திருக்காது.

தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நிறுவனத்தின் மேல் இருந்த மதிப்பால்தான் இத்தனை நாள் பொறுத்தேன்.

அப்புறம் உங்கள் அம்பத்தூர் கிளை. சைக்கிளை அங்கே கொண்டுபோகச் சொல்லி முகவரியை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பியதே நீங்கள்தான். அரை நாள் லீவு போட்டு லோடு ஆட்டோவில் ஏற்றிப் போனேன். "ஆன்லைன்ல வாங்கினதை நாங்க தொட மாட்டோம்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். போக 900, வர 900. மாடியில் குடியிருக்கிறோம், ஏற்றி இறக்கிய முதுகு வலி இன்னும் போகவில்லை. கேரியரும் பொருந்தவில்லை: பின்சக்கர டிஸ்க் பிரேக்கின் கேலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்), கேரியரின் கால் இறங்கும் இடத்திலேயே இருக்கிறது. நீங்களே சேர்த்து விற்ற பொருள்கள்! பெட்டியில் வந்த பாகங்களைப் பொருத்தித் தர உள்ளூர்க் கடையில் 600 ரூபாய் தனி. ஹெல்மெட் இரண்டும் எல் சைஸ், மனைவிக்குக் கண்ணை மறைக்கிறது.

இரண்டு மாதமாக எங்களுக்கு நிம்மதியே இல்லை.

சரி, கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். 15 அங்குல சைக்கிள், டிஸ்க் பிரேக்குக்கு ஏற்ற கேரியர், எம் சைஸ் ஹெல்மெட், நான் செலவழித்த 2,400 ரூபாய். கூடவே, அப்படிப் பேசியவர் என் மனைவியிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். பதினைந்து நாள் பார்ப்பேன். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. எஸ்எம்எஸ், ரசீது, போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த அளவுக்குப் போக விடமாட்டீர்கள் என்று நம்புகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்போம். பழைய சைக்கிளை எடுக்க வருபவர் புதியதையும் கையோடு கொண்டுவரட்டும். அம்பத்தூருக்கு இனி நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாடிக்கையாளர்