ஆன்-வோவுக்குத் தனியாகப் போகாதே

புதுச்சேரி,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் அம்மாவின் கண்ணுக்கு மருந்து விடுவது நின்றுவிட்டது. மாடியில் ஒழுகிக்கொண்டிருந்த மூலையைக் கொத்தனார் வந்து பூசிவிட்டுப் போனார். மற்றவற்றை அம்மா தொலைபேசியில் சொல்லியிருப்பாள். நான் தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தொலைபேசியில் நான் ஒன்றைத் தொடங்கினால், நீ “சரிப்பா, சரிப்பா” என்று சொல்லி அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய்.

நீ அம்மாவுக்கு அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தேன். இடத்தின் பெயரை நீ எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் எனக்கு இல்லை. இரு பக்கமும் செங்குத்தாக நிற்கும் அந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளையும், அவற்றுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பச்சைத் தண்ணீரையும், தலைமாட்டில் ஒரு பிடி அளவுக்கு இருக்கும் கூழாங்கல் கரையையும் பார்த்த பிறகு அது ஆன்-வோ என்று தெரிந்துகொள்ளக் கண்ணாடி எதற்கு? பிரான்சின் தென்கரையில் மார்செயிலிருந்து கஸ்ஸி வரை, பாறைகளுக்கு நடுவே கடல் ஒடுங்கிப் புகுந்து கிடக்கும் இந்தக் கலாங்க்குகளில் நான் கால் வைக்காதது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். படம் நன்றாக இருக்கிறது. வெகுநாளுக்குப் பிறகு உன் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததில் அம்மாவுக்கு மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆனால் பாறையின் நிழல் தண்ணீரில் பாதியைத் தாண்டி வந்துவிட்டதைக் கவனித்தேன். அப்படியானால் பிற்பகல் நன்றாகச் சாய்ந்துவிட்ட நேரம். அதற்கு மேல் குளித்து முடித்து, அந்த ஏற்றத்தை ஏறி, போர்-பேன் கலாங்க்கு வழியாகக் கஸ்ஸி வரைக்கும் நடப்பதென்றால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. அன்று எத்தனை மணிக்கு வீடு சேர்ந்தாய் என்பதை நீ அம்மாவிடமும் சொல்லவில்லை.

படத்தை யார் எடுத்தது என்று அம்மா கேட்டாள். கரையில் இரண்டு துண்டுகள் கிடக்கின்றன என்றும் சொன்னாள். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது போலிருக்கிறதே என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன். நீதான் தனியாகப் போனேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாயே, பிறகு எதற்கு ஆராய்ச்சி? எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: ஆன்-வோவுக்குத் தனியாகப் போகாதே.

ஏன் என்று கேட்பாய். அந்தப் பள்ளத்தில் இறங்கிவிட்டால் பல இடங்களில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைப்பதில்லை. கடலில் ஆபத்து என்றால் 196-ஐ அழைக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நான்தான் உன் தொலைபேசியில் அதைப் பதிந்து கொடுத்தேன். ஆனால் எண் இருந்து என்ன பயன், அழைப்பதற்கு மேலே ஏறிப் போக ஓர் ஆள் வேண்டுமே! கரைக்கு இறங்கும் கடைசிச் சரிவை எடுத்துக்கொள். ஆண்டுக்கணக்காக ஆயிரக்கணக்கானோர் மிதித்து மிதித்து, அந்தப் பாறைகளின் விளிம்பெல்லாம் மழுங்கி, நம் வீட்டு அம்மிக்கல் போல வழவழப்பாகக் கிடக்கின்றன. அதில் செருப்போடு இறங்குகிறவர்களை இந்தக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். நீ அடிப்பகுதி சொரசொரப்பான காலணியைப் போட்டுக்கொள். கடலுக்கு முதுகைக் காட்டி, பாறையைப் பார்த்தபடி, இரண்டு கையும் ஒரு காலும் உறுதியாக நின்ற பிறகே அடுத்த காலை இறக்கு. கணுக்கால் சுளுக்கினால்கூட அந்த இடத்திலிருந்து ஒருவராக ஏறி வர முடியாது.

மிஸ்த்ரால் காற்றைப் பற்றி முன்பும் சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன். அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. ஆகவே பாறைகளின் மறைவில் இருக்கும் கலாங்க்குக்குள் தண்ணீர் அசையாமல் கிடக்கும். பார்ப்பவருக்கு இன்று நல்ல நாள் என்றே தோன்றும். வாயைத் தாண்டி வெளியே போனால்தான் காற்றின் கை தெரியும். கஸ்ஸியில் வாடகைக்கு எடுத்த கயாக்கில் உல்லாசமாகப் போகிறவர்கள் திரும்பி வர முடியாமல் தத்தளிப்பது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. அந்தக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால், மேலேயுள்ள வெதுவெதுப்பான தண்ணீரை நடுக்கடலுக்குத் தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் கரையோரம் ஏறி வரும். முந்தின வாரம் 24 டிகிரி இருந்த தண்ணீர் 16 டிகிரிக்கு இறங்கிவிடுவது நடுக்கோடையிலும் நடக்கிறது. வெயிலில் நடந்து வியர்த்த உடம்போடு அதில் பொத்தென்று விழுந்தால் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது இழுத்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் முழங்கால் வரைக்கும் நில். முகத்தையும் கழுத்தையும் நனைத்துக்கொள். பிறகு இறங்கு. உயரத்திலிருந்து குதிக்கும் பையன்களைப் பார்த்து நீயும் ஏறி நிற்காதே, நாற்பதை நெருங்குகிறாய்.

நான் வங்கக் கடலைப் பார்த்து வளர்ந்தவன். அதில் நீந்தி வளர்ந்தவன் அல்லன். நம் கடல் இரைச்சல் போட்டு, அலையை விட்டெறிந்து, கிட்டே வராதே என்று சொல்லிவிடும். நான் நீச்சல் கற்றது பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த பிறகு தூலோனில்தான். அந்தக் கடலில் ஏற்ற இறக்கமும் பெரிதாகக் கிடையாது, இரைச்சலும் கிடையாது. அதனாலேயே அதை நான் நம்பியதில்லை. நீயோ அதிலேயே வளர்ந்தவள். சொர்மியு கலாங்க்கின் மணலில் இறங்கி, என் தோளை விட்டுவிட்டு முதல்முறையாக நீயே நீந்தியபோது, பக்கத்தில் நின்ற மீனவர்கள் கைதட்டினார்கள். நம் ஊர்க்காரர்களின் பிள்ளைகளில் உன்னைப் போல நீந்துகிறவர்கள் ஒருவருமில்லை என்று நான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தாம் தனியாகப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

1991-இல் மொர்ஜியு முனையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். வீட்டில் வாரக்கணக்கில் அதே பேச்சாக இருந்தது. கடல் மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே வாயுள்ள அந்தக் குகைக்குள் போன முக்குளிப்பவர்களில் மூன்று பேர் சுரங்கப் பாதையில் வழி தவறி இறந்தார்கள். அதன் பிறகே ஆன்ரி கோஸ்கே என்ற முக்குளிப்பவர், 1985-இலேயே தான் கண்டுபிடித்து வைத்திருந்த அந்தக் குகையை வெளியே சொன்னார். பனியுகத்தில் கடல் நூறு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்து கிடந்தபோது மனிதர்கள் காலால் நடந்து உள்ளே போய்க் கையைப் பதித்து, குதிரை வரைந்துவிட்டு வந்த இடம் அது. நீங்கள் குளிக்கிற கலாங்க்குகளும் அன்றைக்கு வெறும் பள்ளத்தாக்குகள்தாம். பிற்பாடு கடல் ஏறி வந்து நிரப்பியது. இறந்தவர்கள் தனியாகப் போகவில்லையே, சேர்ந்துதானே போனார்கள் என்று நீ எதிர்வாதம் செய்வாய். சிறு வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். உண்மைதான். கூட ஆள் இருந்தால் மட்டும் போதாது. எப்படிப்பட்ட ஆள் என்பதும் இருக்கிறது. நீ தண்ணீருக்குள் இருக்கும்போது கரையில் உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளா, உன் தலை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஆளா? எல்லாவற்றுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

போவதற்கு முந்தின நாள் மாலை காட்டுத்தீ அபாய வரைபடத்தைப் பார். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை அதைப் பார்க்காமல் யாரும் மலையில் கால் வைக்கக்கூடாது. சிவப்பு என்றால் சிவப்புதான். அரை மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்ற பேச்சுக்கு இடமில்லை. அந்தப் பைன் மரங்கள் காற்றடிக்கும் நாளில் பற்றினால், ஓடுவதற்குக் கடலைத் தவிர வேறு திசை இருக்காது. கஸ்ஸியிலிருந்து போகிற சுற்றுலாப் படகில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று முதலில் எழுத நினைத்தேன். ஆனால் அவர்கள் கலாங்க்குக்குள் போய்ச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்புகிறார்களே தவிர, குளிக்க இறக்கிவிடுவதில்லை. உனக்கு அது போதாது என்பதும் தெரியும்.

என் யோசனை என்னவென்றால், கோடை முடியும் வரைக்குமாவது சுஜிதோன் கலாங்க்குக்குப் போ. நீ படித்த லுமினியிலிருந்து இறங்குகிற வழிதானே. கண்ணை மூடிக்கொண்டும் போவாய். 2022-இலிருந்து அங்கே கோடையில் நாளொன்றுக்கு 400 பேருக்கு மேல் விடுவதில்லை. முன்பதிவு செய்ய வேண்டும், பணம் கிடையாது. கடலில் குளிக்க அனுமதிச் சீட்டா என்று முதலில் நானும் சிரித்தேன். அதற்கு முன்பு ஒரே நாளில் 2,500 பேர் வரைக்கும் அங்கே இறங்கினார்களாம்; மிதிபட்டு மண்ணெல்லாம் கடலுக்குப் போய், மரங்களின் வேர் வெளியே தெரிந்துகொண்டிருந்ததைப் படத்தில் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 2012-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்ததற்கு அவர்கள் உருப்படியாகச் செய்தது இது ஒன்று. எனக்கு அதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. நானூறு பேர் இருக்கிற இடத்தில் ஒருத்தி கையைத் தூக்கினால் யாராவது பார்ப்பார்கள்.

லியோன் வீட்டைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. பொங்கலுக்குப் பிறகு மாப்பிள்ளை பேசவில்லை. நானும் அவரை அழைக்கவில்லை. அம்மா இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டாள். உன் சின்ன அத்தை விஷயத்தில் இந்தக் குடும்பம் என்ன பேசியது, யார் யார் பேசினார்கள் என்பதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். அப்போது நீ சிறு பெண். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அதை நினைத்துத்தான் எங்களிடம் சொல்லாமல் இருக்கிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வீட்டில் அன்று பேசியவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. இருக்கிற பாதிப் பேருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன். மலைப்பாதையில் உனக்குப் பின்னால் ஒருவர் நடக்க வேண்டும். நீ தண்ணீருக்குள் இருக்கும்போது கரையில் ஒருவர் இருக்க வேண்டும். இருட்டுவதற்கு முன்பு, போதும் கிளம்பலாம் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர் நம் ஊர்க்காரராக இருந்தாலும் சரி, அந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. தமிழ் தெரிந்திருந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. எனக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே! நீந்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆகையால் உன்னோடு வருகிறவர் யாராயிருந்தாலும் அவருடைய தொலைபேசி எண்ணை எனக்கு அனுப்பி வை. அம்மாவின் தொலைபேசிக்கு வேண்டாம், என்னுடையதற்கு அனுப்பு. காரணமில்லாமல் அழைக்க மாட்டேன். நீ கலாங்க்குக்குப் போகிற நாளில் இரவு ஒன்பது மணியாகியும் உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் மட்டும் அழைப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: வழியில் குடிதண்ணீர் எங்கும் கிடைக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று முன்பு சொல்லியிருந்தேன். இந்த வெயிலுக்கு அது போதாது. மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.