எனக்காகக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

ஏப்ரல் 30-ஆம் தேதியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. பிரான்சின் நடுப்பகுதியில், மலைச்சரிவில் இருக்கும் தியேர் என்ற சின்ன ஊரின் பள்ளியில் ஏழு மாதம் ஆங்கில உதவி ஆசிரியையாக வேலை பார்த்தேன். பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். கிளம்புவதற்கு முன்னால் உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட வேண்டும். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து பிரெஞ்சில் படித்துக் காட்டுகிறேன். மனசில் இருப்பது எனக்குத் தமிழில்தான் முழுசாக வருகிறது.

முதலில் புதுச்சேரி சாருக்கு. விழுப்புரத்திலிருந்து வாரத்தில் மூன்று சாயங்காலம் பஸ் பிடித்து அலியான்ஸ் பிரான்சேஸில் நீங்கள் நடத்தும் பிரெஞ்சு வகுப்புக்கு வருவேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பத்து நிமிடம் முன்னாலேயே எழுந்து ஓடுவேன். ஒரு நாளும் நீங்கள் முகம் சுளித்ததில்லை. வெளிநாட்டு இளைஞர்களைத் தங்கள் பள்ளிகளுக்கு அழைத்து, வாரம் 12 மணி நேரம் மாணவர்களோடு பேசவைக்கும் திட்டம் ஒன்று பிரான்சில் இருக்கிறது, அதில் ஆங்கிலத்துக்கு இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நீ போகலாம்மா, தாராளமாகப் போகலாம்" என்று சொல்லிவிட்டு, பரிந்துரைக் கடிதத்தை என் கண் முன்னாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். எனக்காகப் போடப்பட்ட கையெழுத்துகளில் அதுதான் முதலாவது.

இரண்டு வருஷம் முன்னால் இதே வேலைக்குப் போய்த் திரும்பிய அக்காவுக்கும் நன்றி. பிறப்புச் சான்றிதழின் அசல், பாஸ்போர்ட் சைஸ் படம் ஒரு கட்டு, விசாவை வந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற எச்சரிக்கை, இப்படி எத்தனை வாய்ஸ் மெசேஜ்! அக்கா, அந்தக் கட்டுப் படத்தில் இன்னும் இரண்டுதான் மிச்சம்.

இப்போது தியேருக்கு வருகிறேன். 2024 செப்டம்பர் கடைசியில் ஓர் இரவு, பக்கத்துப் பெரிய ஊரான கிளெர்மோன்-ஃபெரான் ஸ்டேஷனில் இரண்டு பெட்டியோடு இறங்கினேன். பள்ளியில் எனக்குப் பொறுப்பாக இருந்த ஆங்கில ஆசிரியை காரோடு வந்து நின்றார். வாடகைக்கு வீடு எதுவும் அமைந்திருக்கவில்லை. ஏழு மாதத்துக்கு மட்டும் வீடு தர அங்கே யாருக்கும் விருப்பமில்லை. அவர் தன் மகள் அறையில் என்னைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் ஆசிரியர் அறைப் பலகையில் 'அறை தேவை' என்று சீட்டு ஒட்டினார். ஒட்டியதோடு விடவில்லை. மதியச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். மூன்றாம் நாள் ஒரு பெயர் கிடைத்தது.

அந்தப் பெயர்தான் மதாம். எழுபதைத் தாண்டியவர். கத்திப் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். திண்டுக்கல்லுக்குப் பூட்டு எப்படியோ, தியேருக்குக் கத்தி அப்படி. மாடி அறையைத் திறந்து காட்டினார். ஜன்னலுக்கு வெளியே சமவெளி, அதற்கு அப்பால் வரிசையாக எரிமலைகள், நடுவில் 1465 மீட்டர் உயரத்தில் புய் தெ தோம். "பிடித்திருக்கிறதா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அறை கிடைத்தால் போதும் என்றிருந்தேன். அது போதவில்லை. சம்பளம் வர வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குத் திறக்க முகவரிச் சான்று வேண்டும். முகவரிச் சான்று என்றால் என் பெயரில் கரன்ட் பில்லோ வாடகை ஒப்பந்தமோ இருக்க வேண்டும். ஓர் அறையில் தங்க வந்தவளுக்கு இரண்டும் எப்படி இருக்கும்? ஒரு வங்கியில் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மதாமிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். சமையலறை மேசையில் பூப் போட்ட ரெக்சின் விரிப்பு, அதில் ரொட்டித் துகள். அதைக் கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். 'கீழே கையொப்பமிடும் நான்' என்று தொடங்கி, இன்ன நாளிலிருந்து இன்ன பெண் என் வீட்டில் குடியிருக்கிறாள் என்று மனசாட்சிப்படி உறுதி கூறுகிறேன் என்று, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட அந்தச் சாய்வெழுத்தில் நிதானமாக எழுதினார். என் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினார். அதோடு தன் அடையாள அட்டையின் நகல், தன் கரன்ட் பில், எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்.

நம்மூரில் வருவாய்த் துறை தரும் இருப்பிடச் சான்றை அங்கே வீட்டுக்காரரே எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அது விளையாட்டுக் காகிதம் கிடையாது. பொய்யாக எழுதினால் ஓராண்டு வரை சிறை, 15,000 யூரோ வரை அபராதம் என்று பிரெஞ்சுக் குற்றவியல் சட்டம் சொல்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னைப் பார்த்து நான்கே நாள் ஆகியிருந்தது, மதாம். அந்தக் காகிதத்தின் நகலை இன்னும் வைத்திருக்கிறேன்.

அடுத்தது பெயர்ப் பிரச்சினை. தமிழர்களுக்கு இது சொல்லாமலே புரியும். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. எனக்கு இருப்பது ஒரே பெயர், முன்னால் அப்பாவின் இனிஷியல். பிரெஞ்சுப் படிவங்களில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. வங்கியில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கினார்கள், சம்பளப் பட்டியலில் என் பெயரையே குடும்பப் பெயராக்கினார்கள். விளைவு, முதல் சம்பளம் வங்கிவரை போய்த் திரும்பிவிட்டது. கைக்கு வருவதே மாதம் ஏறக்குறைய 800 யூரோ. அதுவும் இல்லை என்றால்?

பள்ளி அலுவலகத்தின் செயலாளர் அம்மாவுக்கு நான் பட்டிருக்கும் கடன் இங்கேதான். அன்று மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் மூன்று இடத்துக்குப் போன் போட்டார். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் சொன்னதை அப்படியே மூன்று பேருக்கும் பொறுமையாக விளக்கினார். கடைசி ஆளிடம் பேசும்போது சொந்தத் தங்கைக்காகப் பேசுகிறவர் மாதிரிக் குரல் உயர்ந்துவிட்டது. அப்புறம் இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று கடிதம் தட்டச்சு செய்து, தலைமையாசிரியரிடம் ஓடிக் கையெழுத்து வாங்கி வந்தார். இதெல்லாம் சரியாகிச் சம்பளம் வர நவம்பர் கடைசி ஆகிவிட்டது. அதுவரை மதாம் வாடகை கேட்கவில்லை. வரும்போது கொடு என்றார், அவ்வளவுதான்.

ஒரு விஷயம் இதில் எனக்கு இனிப்பாக இருந்தது. பள்ளி கால அட்டவணையில் ஏழு மாதமும் என்னைக் குறித்தது அப்பாவின் பெயர். அதைப் படம் எடுத்து அனுப்பினேன். அப்பா கடைத்தெருவில் எல்லோரிடமும் காட்டினாராம்.

அக்டோபர் 19 முதல் இரண்டு வாரம் பள்ளி விடுமுறை. அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. ஊரே அடங்கிக் கிடந்தது. அந்த வாரம் 31-ஆம் தேதி தீபாவளி. தாங்க முடியாமல் ரயிலேறிப் பாரிஸ் போனேன், மூன்றரை மணி நேரம். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷபேல் பகுதியில் காலை வைத்ததும் கறிவேப்பிலை வாசனை. அங்கே ஒரு பலசரக்குக் கடையில், "எந்த இடம் தங்கச்சி? தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்ட யாழ்ப்பாணத்து அண்ணனுக்கும், உள்ளே கூட்டிப் போய் இடியப்பமும் சொதியும் வைத்த அவர் மனைவிக்கும் என்ன சொல்வது! மருத்துவக் காப்பீட்டுக்குப் பிறப்புச் சான்றிதழைப் பிரெஞ்சில் பெயர்த்துத் தரச் சொல்லியிருந்தார்கள். நீதிமன்றம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும். அண்ணன் அங்கேயே போன் போட்டு ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார். அந்தத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். அதை வைத்துத்தான் எனக்குக் காப்பீட்டு எண் வந்தது. 2 என்று தொடங்கும், பெண் என்று பொருள். நடுவில் 99, வெளிநாட்டில் பிறந்தவள். அடுத்து 223, அது இந்தியா. கறிவேப்பிலைக்கு அண்ணன் காசு வாங்கவில்லை.

வகுப்பறைக்கு வருகிறேன். அது என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் ஆங்கிலம் விழுப்புரத்து ஆங்கிலம். லண்டன் உச்சரிப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்களே என்ற பயம் முதல் நாள் தொண்டையை அடைத்தது. பொறுப்பு ஆசிரியை வகுப்பில் உலக வரைபடத்தை விரித்து, ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கெல்லாம் மாணவர்களை வண்ணம் தீட்டச் சொன்னார். இந்தியா பெரிதாக நிறம் பெற்றது. "இந்த ஆங்கிலத்தையும் புரிந்துகொள்ளத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாதி வகுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அந்த நம்பிக்கையை நான் மறக்க மாட்டேன். உச்சரிப்பை வைத்து ஆசிரியரை எடை போடுகிற பழக்கம் நம்மூரிலும் உண்டு. அது தவறு என்று இப்போது அடித்துச் சொல்வேன்.

பிள்ளைகள் வாய் திறக்கவே பயந்தார்கள். 20-க்கு எத்தனை மதிப்பெண் என்பதிலேயே அவர்களுக்கு நினைப்பு. தப்பாகப் பேசினால் குறையுமோ என்று தயக்கம். கடைசி வரிசையில் ஒரு பையன் டிசம்பர் வரை 'யெஸ்', 'நோ' தாண்டியதில்லை. ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு, இந்த ஊரில் கத்தி எப்படிச் செய்கிறார்கள், எனக்குத் தெரியாது, சொல்லுங்கள் என்றேன். அவன் வீட்டில் பட்டறை இருக்கிறது. எழுந்து வந்தான். அலகு, கைப்பிடி, வில், ஆணி, ஒன்றுக்கும் அவனிடம் ஆங்கிலச் சொல் இல்லை. பாதிக்கு என்னிடமும் பிரெஞ்சுச் சொல் இல்லை. பலகையில் படம் போட்டான். நான் ஒரு சொல் கொடுத்தேன், அவன் ஒரு சொல் கொடுத்தான். மணி அடித்தபோது இருபது நிமிடம் ஆங்கிலத்தில் பேசியிருந்தான். தம்பி, உனக்கும் நன்றி. எனக்கு வேலை எப்படிச் செய்வது என்று அன்றுதான் பிடிபட்டது.

குளிர்கால ராத்திரிகளில் மதாம் சொன்ன கதை ஒன்று. அவருடைய தாத்தா சாணை பிடிப்பவர். துரோல் ஆற்றின் தண்ணீர் சுழற்றும் சாணைக்கல்லுக்கு மேல் பலகை போட்டு, அதில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் அந்தக் காலத்தில் கத்தி தீட்டுவார்கள். கல்லிலிருந்து தெறிக்கும் மஞ்சள் சேறு உடுப்பெல்லாம் அப்பும்; 'மஞ்சள் வயிற்றுக்காரர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். ஆற்றோரத்து ஈரக் குளிருக்கு, கால்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்களாம். இதைச் சொல்லிக்கொண்டே மதாம் என் முழங்கால்மேல் கம்பளியைப் போர்த்திவிட்டார்.

பிரெஞ்சிலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு. ஜனவரியில் மதாம், இனி என்னை 'நீ' என்றே கூப்பிடு என்றார். எனக்கு நாக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவை நீ என்போம், அப்பாவை நீங்கள் என்போம் என்று விளக்கினேன். "அப்படியானால் நான் உனக்கு அப்பாவா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு கட்டாயப்படுத்தவில்லை. இன்றுவரை நீங்கள்தான், மதாம்.

ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னால் கடைசி வகுப்பு. பட்டறைக்காரப் பையன் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினான். உள்ளே மடக்குக் கத்தி, கைப்பிடி அவனே பூட்டியது. நான் வாங்கப் போனேன். அவன் கையை இழுத்துக்கொண்டான். கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பு அறுந்துபோகும், அதனால் பதிலுக்கு ஒரு காசு தர வேண்டும், எங்கள் வழக்கம் என்றான், முழுவதும் ஆங்கிலத்தில். ஒரு யூரோவை எடுத்தேன். வேண்டாம், உங்கள் ஊர்க் காசு என்றான். பையின் அடியில் துழாவினேன். புதுச்சேரி பஸ்ஸில் சில்லறையாக வாங்கிய ஐந்து ரூபாய் ஒன்று கிடைத்தது. அதை அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் கத்தியைக் கொடுத்தான்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆங்கில உதவி ஆசிரியை