விலை குறைவா, எடை குறைவா

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மெசேஜ் வந்தது. "அப்பா, என் கேமராவுக்கு ஒரு டெலி ஜூம் சொல்லுங்க. விலை குறைவா, எடை குறைவா." இரண்டு மாதம் கழித்து இரண்டே வரி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லா இருக்காளாமா?" என்றாள். அதைப் பற்றி எழுதவில்லை என்றேன்.

சரி, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற லென்ஸுக்கு வருகிறேன். உன்னிடம் இன்னும் அந்த கேனன் 200டி இருக்கிறது என்று நினைத்து எழுதுகிறேன். விற்றுவிட்டாய் என்றால் சொல்லிவிடு, வேறு மாதிரி யோசிக்கலாம். விற்றிருந்தாலும் ஒன்றும் இல்லை.

அதற்கு இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் வாங்கு. ஐஎஸ் என்பது கை நடுக்கத்தைச் சமாளிப்பது, எஸ்டிஎம் என்பது சத்தமில்லாமல் ஃபோகஸ் செய்கிற மோட்டார். 375 கிராம்தான். கேமராவோடு சேர்த்தாலும் ஒரு கிலோ வராது. 2013இல் வந்த லென்ஸ், அதனால் பழையதாகவே நிறையக் கிடைக்கும், விலையும் இறங்கியிருக்கும். பெயரில் எஸ்டிஎம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. அது இல்லாத முந்தைய 55-250களும் விற்கின்றன. ஃபோகஸ் ஆகும்போது சத்தம் போடும், முன்கண்ணாடியும் கூடவே சுற்றும். யாராவது 75-300 கொடுத்தால் வேண்டாம் என்று சொல். 300 என்ற எண்ணைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். வழக்கமாகக் கிடைக்கிறதில் ஐஎஸ் கிடையாது, கடைசி வரை ஜூம் செய்தால் படமும் கொழகொழவென்று இருக்கும், இதைவிட நூறு கிராம் கனம் வேறு. ஆர்எஃப் என்று போட்டிருப்பது கேனனின் புது வகைக் கேமராக்களுக்கு, அது எதுவும் உன் கேமராவில் மாட்டாது.

விலை குறைவாக என்று ஏன் எழுதினாய் என்று கேட்க மாட்டேன். நான் படம் பார்க்கிற இந்தப் பெரிய மானிட்டரையே நீதான் வாங்கிக் கொடுத்தாய். வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன், அம்மாவுக்கு அலுத்தே போய்விட்டது. அப்படி வாங்கிக் கொடுத்தவள் விலை குறைவாக என்று எழுதினால் ஒரு அப்பனுக்கு என்ன தோன்றும் என்று நீயே யோசித்துப் பார்.

ஐஎஸ் இல்லாமல் வாங்காதே. உன் கை நடுங்கும் என்று சொல்லவில்லை, எல்லோருக்கும் நடுங்கும். உன் கேமராவின் சென்சார் சிறியது, 250 மி.மீ. என்பது அதில் 400 மி.மீ. மாதிரி. கையில் பிடித்து எடுக்க 1/400 விநாடி ஷட்டராவது வேண்டும். ஐஎஸ் இருந்தால், அசையாத பொருளை 1/50 வரைகூட இறக்கிப் பார்க்கலாம். ஓடுகிற குழந்தையையோ பறக்கிற பறவையையோ ஐஎஸ் நிறுத்தாது, அதற்கு ஷட்டரை ஏற்றித்தான் ஆக வேண்டும். 250 வரை ஜூம் செய்தால் அப்பர்ச்சர், அதுதான் வெளிச்சம் வருகிற துளை, 5.6க்கு மேல் திறக்காது, சாயங்காலம் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்வைக் கூட்டத்தான் வேண்டும். படத்தில் புள்ளி விழுந்தால் விழட்டும். மங்கலான படத்தைவிடப் புள்ளி விழுந்த படம் மேல். எதைப் படமெடுக்கப் போகிறாய் என்றும் நீ எழுதவில்லை. சின்னப் பறவைகள் என்றால் 250 போதாது, நாமே நடந்து கிட்டே போக வேண்டும்.

பழையது வாங்கும்போது பின்பக்கம் டார்ச் அடித்துப் பார். வேர் மாதிரி, நூல் மாதிரி படர்ந்திருந்தால் ஃபங்கஸ், வாங்காதே. கேமராவில் மாட்டி ஆன் செய்யாமல் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதே. எஸ்டிஎம்மில் கரண்ட் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஐஎஸ் இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்துக்கொள்.

என்னுடைய அந்தப் பெரிய 2.8 லென்ஸை அனுப்பட்டுமா என்று முதலில் யோசித்தேன். ஒன்றரைக் கிலோ. நீ எடை குறைவாக என்று எழுதியிருக்கும்போது அதை அனுப்பினால் நான் என்ன மனுஷன். அதோடு ஃபங்கஸ் பிடித்துவிட்டது. மூன்று வருடமாக வெளியே எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அம்மா கேட்டால், கனம் என்பேன்.

எடை குறைவாக என்று படித்ததும் எனக்கு அந்தப் பழைய கைதான் நினைவுக்கு வந்தது. வலி திரும்பியிருக்கிறதா என்று நேராகக் கேட்டால் "இல்லப்பா" என்று முடித்துவிடுவாய். உன்னைத் தெரியாதா.

பாப்பா, ஒன்று எழுதுகிறேன். ஹாலில் மாட்டியிருக்கிற படம். வளைவில் நீ விழுகிற நொடி, புழுதி, பின்னால் வருகிற பிள்ளைகள். பரிசு வாங்கிய படம். அன்றைக்கு நான் ஏன் உடனே ஓடி வரவில்லை என்று அம்மா கேட்டபோது, லென்ஸ் கனம், கீழே வைக்க இடம் தேடினேன் என்றேன். இத்தனை வருடமாக அவளும் அதையே மற்றவர்களிடம் சொல்கிறாள். போன வாரம் உன் மெசேஜ் வந்த ராத்திரி பழைய கோப்புகளைத் திறந்தேன். மொத்தம் ஒன்பது படம். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் 14 விநாடி என்று அதிலேயே பதிந்திருக்கிறது. நான்காவதில் நீ கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் பார்க்கிறாய். அதற்குப் பிறகும் ஐந்து எடுத்திருக்கிறேன். கடைசியில் உன்னைக் காணோம், அம்மாவின் முதுகு மறைத்துக்கொண்டிருக்கிறது. நான் எந்த இடமும் தேடவில்லை.

இந்த ஒன்பதையும் அம்மாவுக்கு இன்னும் காட்டவில்லை. ஹாலில் இருந்ததைக் கழற்றிவிட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது, அவள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

55-250தான், மறந்துவிடாதே. எஸ்டிஎம். வாங்கினால் முன்னால் மாட்டுகிற வெயில் மறைப்பு, ஹூட், அதையும் சேர்த்து வாங்கு, பெட்டியில் இருக்காது. கழுத்தில் தொங்கவிடாதே, குறுக்கே மாட்டு. பணம் அனுப்பட்டுமா என்று கேட்கவில்லை, எது சரி என்று உனக்கே தெரியும். வேண்டுமென்றால் ஒரு வார்த்தை.

இன்னொன்று. லென்ஸின் கனத்தைத் தாங்குவது இடது கை, கேமராவைப் பிடித்து அமுக்குவது வலது கை. வலதில் சிரமம் என்றால் லென்ஸை மட்டும் குறைத்துப் பெரிய பிரயோஜனம் இல்லை, கேமராவையே இன்னும் சிறியதாகப் பார்க்க வேண்டும். ஒலிம்பஸில் 40-150 ஒன்று இருக்கிறது, 190 கிராம்தான். அதனால் எந்தக் கை என்று மட்டும் எழுது. லென்ஸுக்காகத்தான் கேட்கிறேன்.

அப்பா