அண்ணன் மகளுக்கு: மதிப்பெண்ணை மறந்து ஒரு தடவை படித்துப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றதும் நீ பேச்சை மாற்றிவிட்டாய், நானும் விட்டுவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். உன்னைப் போல அரசு வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்று எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரையும் ஊரையும் போடவில்லை, கவலைப்படாதே.

"நான் எதுக்கும் லாயக்கில்ல அத்தை. இவ்வளவு படிச்சும் ஒண்ணும் உள்ள ஒட்டல" என்றாய். முதலில் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டாவதாகச் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

குரூப் 4 தாளில் 200 கேள்வி, அதில் பாதி தமிழ். அந்த நூறு கேள்விக்காக நீ படித்தது கொஞ்சமா? ஒரு குறளைச் சொன்னால் அதிகாரத்தைச் சொல்வாய். உ.வே.சா.வின் ஊர் உத்தமதானபுரம், ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சீவக சிந்தாமணி பதிப்பு 1887 என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாய். எல்லாம் சரிதான். ஆனால் நாலு விடையில் ஒன்றைப் பிடிப்பதற்காகப் படிக்கும்போது கண் விடையைத் தேடிக்கொண்டே ஓடுகிறது. பரீட்சைக்கு அந்த ஓட்டம் வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. அப்படி ஓடுகிறபோது அந்தப் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது கண்ணில் படாமல் போய்விடுகிறது. படித்ததெல்லாம் உன் மதிப்பெண்ணுக்குச் சாட்சி சொல்ல வந்ததாக ஆகிவிடுகிறது. பட்டியலில் உன் எண் இல்லை என்றதும், படித்த குறள்கூட எதிர்த்தரப்பில் போய் நின்றுகொள்கிறது. ஒட்டவில்லை என்று நீ சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அதே புத்தகங்களை, கேள்வியை மறந்துவிட்டு, இன்னொரு தடவை படித்துப் பார் என்பதுதான் என் வேண்டுகோள்.

உ.வே.சா.வையே எடுத்துக்கொள். உத்தமதானபுரம் எங்கோ இல்லை, இதோ பாபநாசத்துக்குப் பக்கத்தில்தான். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் பஸ்ஸில் அந்த வழியாகத்தானே போகிறோம். 1880-ஆம் வருஷம் அவருக்கு வயது 25. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சின்ன வயதிலிருந்து குடும்பம் ஒரே ஊரில் நிலைத்து இருந்ததில்லை, கையில் காசு இருந்ததில்லை. ஊர் ஊராக ஆசிரியரைத் தேடிப் போய்ப் பாடம் கேட்டவர். திருவாவடுதுறை மடமே ஆதரித்த மாணவர். இனிமேல் தமிழில் தனக்குக் குறை என்ன என்று நினைக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அந்த வருஷம் அக்டோபரில், ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். கேட்டவருக்கு அதில் ஒரு வியப்பும் இல்லை. இவற்றைப் படித்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேசுகிறார். சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? எதற்கும் இவரிடம் ஆமாம் இல்லை.

பரீட்சைக் குறிப்பில் இது ஒரே வரி: "உ.வே.சா.வைப் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பியவர் சேலம் இராமசாமி முதலியார்." நீ அந்த வரியிலேயே கொஞ்சம் நின்று பார், பாப்பா. இத்தனை வருஷப் படிப்பும் ஒரு மனிதர் முன்னால் அரை மணி நேரத்தில் ஒன்றுமில்லாமல் போனது மாதிரி ஆன பிறகு, அவர் அங்கிருந்து எழுந்து தெருவில் எப்படி நடந்து வந்திருப்பார்? முடிவு வந்த அன்றைக்கு நீ இ-சேவை மையத்திலிருந்து வீடு வரைக்கும் நடந்து வந்தாயே, அதை வைத்து யோசித்துப் பார். உனக்குத் தெரியும்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். சிந்தாமணிப் பிரதி ஒன்று முதலியாரிடமிருந்து கிடைக்கிறது. படித்தால் புரியவில்லை. அது சைன நூல், இவர் படித்தது சைவப் படிப்பு. அதே கும்பகோணத்தில் சைனர்கள் வீட்டில் சிந்தாமணியைக் காலங்காலமாகப் படித்துப் பொருள் சொல்லிவருகிறார்கள் என்று தெரிந்ததும் அங்கே போகிறார். கல்லூரியில் பாடம் சொல்கிறவர், ஒரு குடும்பத்தார் வீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார். தெரியவில்லை என்று சொல்வதில் தன் கௌரவம் போய்விடும் என்று அவர் நினைக்கவில்லை.

ஏழு வருஷம் கழித்துப் பதிப்பு வந்ததைச் சொல்லி, நீயும் ஒரு நாள் ஜெயிப்பாய் என்று உனக்குத் தெம்பு கொடுக்கலாம். அதற்காக இதை எழுதவில்லை. நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் வேறு. இந்தச் சந்திப்பை அவர் எழுதியது எப்போது தெரியுமா? ஆனந்த விகடனில் 1940-ல் ஆரம்பித்த 'என் சரித்திரம்' தொடரில். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நாடே தமிழ்த்தாத்தா என்று கொண்டாடுகிறது. அந்த நாளை விட்டுவிட்டு எழுதியிருந்தால் கேட்க ஆள் கிடையாது. ஆனால் தன் அறியாமையை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காகத் தன்னை இழித்துக்கொள்ளவும் இல்லை. நடந்ததை நடந்தபடி, ஒரு பதற்றமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு போகிறார். தன்னை ஏற்றுக்கொள்வது எப்படி என்று யாராவது கேட்டால் அந்த அத்தியாயத்தைத்தான் நான் எடுத்துக் கொடுப்பேன். 1942-ல் அவர் காலமானபோது அந்தச் சரித்திரம் பாதியில் நின்றுவிட்டது. பாதியில் நின்ற புத்தகத்தைத்தான் இத்தனை வருஷமாக இத்தனை பேர் ஆசையோடு படிக்கிறோம்.

இன்னொன்று, உனக்கு மனப்பாடமான குறள்.

"குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள்
மிகைநாடி மிக்க கொளல்."

504. அதிகாரம் தெரிந்துதெளிதல், பொருட்பால். அரசன் ஒரு வேலைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதைப் பற்றிச் சொன்னது. ஊரில் யாரைப் பற்றியாவது பேச்சு வந்தால் நாமும் இதை எடுத்துச் சொல்வோம், "அவரிடமும் நாலு நல்லது இருக்கு" என்று. இதைத் தன் மேலேயே வைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. நான் பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறவள், அதனால் எனக்கு இது பேரேடு மாதிரித் தெரிகிறது. வரவை எழுது, பற்றை எழுது, அப்புறம் கழித்துப் பார்த்து எது மிஞ்சுகிறதோ அதை ஒப்புக்கொள். மூன்று வேலை. நீ நடுவில் இருக்கிற ஒன்றை மட்டும் செய்துவிட்டுக் கணக்கை மூடிவிடுகிறாய். பற்றுப் பக்கத்தை மட்டும் பார்த்தால் எந்தக் கடையும் நஷ்டத்தில்தான் ஓடும்.

குற்றமே இல்லை என்று வள்ளுவர் சொல்லவில்லை, அதையும் கவனி. காலையில் போனை எடுத்தால் ஒன்பது மணி வரைக்கும் வைக்க மாட்டாய். கணக்குப் பகுதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறாய். உன் அம்மா ஏதாவது கேட்டால் சுள்ளென்று விழுகிறாய். எழுதிக்கொள். ஆனால் அதற்கு முன்னால் இதையும் எழுது: சாயங்காலம் திண்ணையில் உன்னிடம் படிக்கிற பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிறார்கள். பயிர்க் காப்பீடு போடும் சமயத்தில் தெருவே சிட்டா அடங்கலைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வருகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே என்று நெல்லைத் திருப்பிவிட்டால், உன் அப்பா திண்ணையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேசாமல் போய்த் தார்ப்பாயை விரித்து நெல்லை மறுபடி கொட்டிக் காயவைக்கிறவள் நீ. இதெல்லாம் வேலையில்லாதவள் பொழுது போக்குவது என்று நீ நினைக்கிறாய். உன் வாழ்க்கை இனிமேல் எங்கோ ஆரம்பிக்கப் போகிறது, இப்போது நடப்பது அதற்குக் காத்திருக்கிற நேரம் என்று வைத்திருக்கிறாய். அந்த எண்ணத்தை மட்டும் நான் எதிர்க்கிறேன்.

எப்படிப் படிப்பது என்று கேட்பாய். உன் அப்பாயியிடம் கற்றுக்கொள்ளலாம். அவருக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே என்னைப் பாரதக் கதை படிக்கச் சொல்வார். நான் வேகமாகப் போனால் முறத்தை வைத்துவிட்டு, "இரு, அதைத் திரும்பிப் படி" என்பார். கர்ணன் கதை வந்தால் அப்படி நிறுத்துவது அதிகம். திரும்பிப் படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேச மாட்டார். பிறகு தன் கூடப்பிறந்தவர்களைப் பற்றி, விட்டுப்போன உறவைப் பற்றி, சம்பந்தமில்லாதது போல ஏதாவது சொல்வார். சம்பந்தம் இருந்தது என்று எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது.

நானும் ஏறக்குறைய அப்படித்தான் படிக்கிறேன். கடை அடைத்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்து, ஒரு பக்கம். சில நாள் அரைப் பக்கம். வாய்விட்டுத்தான் படிப்பேன், கண் தாவாமல் இருக்க அது உதவுகிறது. எந்த வரியில் மனசு நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. அந்த வரி இன்றைக்கு எனக்கு எங்கே நடந்தது என்று ஒரு பழைய டைரியில் இரண்டு வரி எழுதுவேன். கடைக்கு வந்தவரிடம் எரிந்து விழுந்ததும் அதில் இருக்கும், ஒரு கல்யாணச் சீர் வரிசைக்கு வந்த ஏழைக் குடும்பத்துக்கு முதலாளியிடம் பேசி விலை குறைத்துக் கொடுத்ததும் இருக்கும். ஒன்றும் தோன்றவில்லை என்றால் மூடி வைத்துவிட வேண்டியதுதான். வலுக்கட்டாயமாகக் கருத்து பிழியக் கூடாது.

தன்னம்பிக்கைப் புத்தகங்கள் வாங்கி வைத்திருக்கிறாய் என்று தெரியும். எனக்கு அவற்றில் பிடிப்பு இல்லை. நாளைக்கு நீ ஆகவேண்டிய ஆளைப் பற்றியே அவை பேசுகின்றன. இன்றைக்கு அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணோடு பேச அவற்றுக்கு நேரமில்லை.

எங்கள் கும்பகோணத்திலேயே இருந்த எம்.வி.வெங்கட்ராமின் 'காதுகள்' நாவலைப் பிறகு ஒரு நாள் படி, இப்போது வேண்டாம். ஜரிகை வியாபாரம் பார்த்த மனிதர். காதுக்குள் ஓயாமல் கேட்கும் குரல்களோடு ஒருவன் படுகிற பாட்டை எழுதியிருக்கிறார், தான் பட்டதை வைத்து எழுதியது. 1993-ல் சாகித்திய அகாதமி விருது அதற்குத்தான். வெளியில் சொல்லக் கூசுகிற ஒன்றை ஒரு மனிதர் எவ்வளவு நேராக எழுத முடியும் என்று அதில் பார்த்தேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், உயிரோடு இருந்து என்ன என்கிற அளவுக்கு மனசு கனத்தால், அது புத்தகத்தால் ஆகிற காரியம் இல்லை. எனக்கு எந்த நேரமும் போன் செய். 14416 என்ற எண்ணிலும் மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள், காசு கிடையாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன், வீட்டில் நான் சொல்லிக்கொள்கிறேன்.

பரீட்சையை விடச் சொல்லவில்லை. அடுத்த அறிவிப்பு வந்தால் விண்ணப்பம் போடு, கணக்குப் பகுதியை இப்போதே தொடங்கு. காலை நேரம் அதற்கு இருக்கட்டும், ராத்திரி அரை மணி நேரம் இதற்கு. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் கல்லணை தாண்டி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, உங்கள் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். நாற்றங்கால் வேலை தொடங்குகிற வரைக்கும் உனக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும், அதற்குள் ஆரம்பித்துவிடு. 'என் சரித்திரம்' உங்கள் ஊர் நூலகத்தில் இல்லையென்றால் சொல், என்னுடையதை பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். நான் போட்ட பென்சில் கோடுகள் அதில் இருக்கும். அவற்றைப் பார்க்காதே, உன் கோட்டை நீ போடு.

ஆடிப்பெருக்குக்கு வருவேன். கும்பகோணம் வந்து முதலியாரைப் பார்க்கிற அத்தியாயத்துக்கு முன்னாலேயே, சின்னப் பையனாக உ.வே.சா. சங்கீதமும் தமிழும் படிக்கிற பக்கங்கள் நிறைய இருக்கின்றன. அவசரப்பட்டுத் தாண்டிவிடாதே. எதுவரைக்கும் வந்திருக்கிறாயோ, அந்தப் பக்கத்தை எனக்கும் உன் அம்மாவுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். சித்ரான்னம் நான் செய்து கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அத்தை