மருந்துக்கும் அடகுச் சீட்டுக்கும் ஒரு நிதி: நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவில் அன்புக்குரிய பங்கு மக்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் வணக்கம்.

1925ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், வெள்ளிக்கிழமை. இத்தாலி நாட்டுத் தூரின் நகரில், இளம்பிள்ளை வாதம் தாக்கிப் படுத்த படுக்கையாகிவிட்ட 24 வயது இளைஞர் ஒருவர், கை சரியாக ஒத்துழைக்காத நிலையிலும் கோணல்மாணலான எழுத்தில் தம் நண்பருக்கு ஒரு சிறு குறிப்பு எழுதினார். தம் நோயைப் பற்றி அதில் அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஏழை நோயாளி ஒருவருக்குச் சேர வேண்டிய ஊசி மருந்தை ஒப்படைத்து, இன்னொருவருடைய அடகுச் சீட்டைப் புதுப்பிக்கத் தாம் மறந்துவிட்டதாகவும், அதைத் தம் கணக்கில் புதுப்பித்துவிடும்படியும் கேட்டிருந்தார். மறுநாள் மாலை அவர் இறந்தார். அவரே பியெர் ஜோர்ஜோ ஃபிரசாத்தி. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோவால் புனிதராக அறிவிக்கப்பட்டவர்.

அந்தக் குறிப்பில் இருந்த இரண்டு வேலைகளையும், அதாவது ஏழை நோயாளிக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதையும், அடகு வைத்த பொருள் மூழ்கிவிடாமல் காப்பதையும், நம் பங்கில் தொடர்ந்து செய்வதற்கென அவர் பெயரில் ஒரு நிதியைத் தொடங்க எங்கள் வின்சென்ட் தே பவுல் சபைக் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்காகவே உங்கள் முன் வருகிறோம்.

ஃபிரசாத்தியும் இதே சபையின் உறுப்பினர்தான். 1833இல் பாரிஸ் நகரில் ஃபிரெதெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் தோழர்களுடன் தொடங்கிய இச்சபையில் அவர் 1918இல், 17 வயதில் சேர்ந்தார். ஏழைகளைத் தேடி அவர்கள் வீட்டுக்கே செல்வது சபையின் அடிப்படைப் பணி. அதை அவர் இறுதிவரை விடவில்லை. அவருடைய தந்தை 'லா ஸ்தாம்பா' நாளிதழின் அதிபர். செனட் உறுப்பினராகவும் ஜெர்மனிக்கான தூதராகவும் இருந்தவர். அத்தகைய வீட்டின் மகன், டிராம் வண்டிக்கு வைத்திருந்த காசை வழியில் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு சேர ஓட்டமாக ஓடி வருவார். சுரங்கத் தொழிலாளர்களின் நடுவே பணியாற்ற வேண்டும் என்பதற்காகவே சுரங்கப் பொறியியல் படித்தார். ஆல்ப்ஸ் மலையேறுவதில் அவருக்கிருந்த ஆர்வத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எங்களை அதைவிட ஈர்ப்பது அவர் வைத்திருந்த ஒரு சிறு கணக்கேடு. தாம் செய்த உதவிகளின் விவரங்களை அவர் அதில் முறையாகக் குறித்துவந்தார். தம்மை நம்பியிருந்த குடும்பங்களைப் பார்த்துக்கொள்ளும்படி மரணப் படுக்கையில் தம் தங்கையிடம் கேட்டுக்கொண்டார். அவருக்கு இரக்கத்தோடு ஒழுங்கும் இருந்தது. அவருடைய அடக்கத்தன்று தெருவெங்கும் திரண்ட ஏழை மக்களைக் கண்ட பிறகுதான், தம் மகன் யார் யாருக்கு என்னவாக இருந்தான் என்பது பெற்றோருக்கே தெரியவந்தது. அவர் இத்தனை பெரிய வீட்டுப் பிள்ளை என்பது அந்த ஏழைகளில் பலருக்கும் அன்றுதான் தெரிந்தது.

மருந்துக்கு உதவி கேட்டால் எவரும் காரணம் கேட்பதில்லை. அடகுக்கு ஏன் என்று எங்கள் கூட்டத்திலேயே கேள்வி எழுந்தது. அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். வீடு சந்திக்கச் செல்லும்போது நாங்கள் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான்: மருத்துவமனைச் செலவுக்காகவோ பள்ளிக் கட்டணத்துக்காகவோ ஒரு தாய் தன் தோட்டையோ தாலிச் சங்கிலியையோ அடகு வைக்கிறார், அசலைத் திருப்ப வழியின்றி, வட்டியையாவது கட்டிச் சீட்டை மாற்றி வைக்கப் பார்க்கிறார், ஒரு தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போய்விடுகிறது. சில ஆயிரம் ரூபாய் உரிய நாளில் கிடைத்திருந்தால், குடும்பத்தின் ஒரே சேமிப்பு கைவிட்டுப் போயிருக்காது. இதைக் கேட்டு வாங்க அவர்களுக்குக் கூச்சம் அதிகம். சாகும் தறுவாயிலும் ஒரு சீட்டின் தவணையை நினைவில் வைத்திருந்த அந்த இளைஞர், இந்தக் கூச்சத்தை நன்கு அறிந்திருந்தார் என்றே நாங்கள் நம்புகிறோம்.

இந்த நிதியிலிருந்து எவர் கையிலும் ரொக்கம் கொடுக்கப்படாது. மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்தாகவும், அடகுச் சீட்டைப் பார்த்து உரிய கடையில் நேரடியாகக் கட்டியும் உதவி செய்யப்படும். எந்தக் குடும்பத்துக்கு உதவுவது என்பதை, வீட்டுக்குச் சென்று பார்த்துவந்த இரு உறுப்பினர்களின் அறிக்கையின்மேல் குழு முடிவு செய்யும். சாதி, சமயம் பார்க்கப்படாது. நகைக்கடன் முழுவதையும் அடைக்க இந்த நிதியால் இயலாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பொருள் ஏலத்துக்குப் போகாமல் காப்பதே முதல் நோக்கம். சிறு தொகைக்கு வைத்த பொருளாயின் திருப்பியே கொடுப்போம்.

மாதம் 100 ரூபாய் என ஓராண்டுக்குத் தர முன்வருவோரையே நாங்கள் பெரிதும் எதிர்பார்க்கிறோம். மருந்து மாதந்தோறும் தேவைப்படுவது. வட்டியும் மாதந்தோறும் ஏறுவது. ஒரே முறை தர விரும்புவோரின் தொகை பெரிதாயினும் சிறிதாயினும் நன்றியோடு ஏற்கப்படும். இளையோர் தம் நேரத்தையும் தரலாம். வீடு சந்திப்புக்கு எங்களுக்கு ஆட்கள் போதவில்லை, இப்போது செல்வோரில் பெரும்பாலோர் வயதில் மூத்தவர்கள்.

ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்குப் பணிமனையில் நன்கொடையைச் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம். வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அதில் தொகைகள் இருக்கும். உதவி பெற்றோரின் பெயர்கள் இரா. முதல் உதவியைப் புனிதரின் திருநாளான வரும் ஜூலை 4 அன்று வழங்க எண்ணியுள்ளோம்.

இப்படிக்கு,
நிதிக் குழுவினர்,
புனித வின்சென்ட் தே பவுல் சபை